“மிஸ்… வாய்ஸ் கேக்கல!”: வகுப்பறைக்கு வீடியோ அழைப்பு, வாட்ஸ்அப் குறித்து வாசகர் கேள்வி-பதில்

ஐப்பசி பிறந்துவிட்டால் ஆட்சியரின் மழை விடுமுறை அறிவிப்புக்குப் பின்னாலேயே ‘இன்று ஆன்லைன் வகுப்பு’ என்ற தகவலும் வந்து விழுகிறது. வீடியோ அழைப்பையும் வாட்ஸ்அப்பையும் வகுப்புக்குப் பயன்படுத்துவதில் என்ன சிக்கல் என்று எழுதச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பலருக்கும் பொதுவான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கேள்வி: மழை விடுமுறை நாளில் கூகுள் மீட்டில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பத்தே நிமிடத்தில் குரல் வெட்டி வெட்டிப் போகிறது. பிள்ளைகள் எல்லோரையும் கேமராவை அணைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பலனில்லை.
– பட்டதாரி ஆசிரியை, அஞ்செட்டி

அணைக்க வேண்டியது உங்கள் கேமராவை. பிள்ளை தன் கேமராவை அணைத்தால் அவன் போனிலிருந்து மேலே போகும் டேட்டாவும், மற்றவர் போனில் அவன் படம் இறங்கும் டேட்டாவும் மிச்சமாகும், அவ்வளவுதான். உங்கள் முகம் முப்பது போன்களுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஜூம் நிறுவனம் தரும் அளவுப்படி குரலுக்கு மட்டும் நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். திரைப்பகிர்வுக்கு மட்டும் 50 முதல் 75. பலர் சேர்ந்த வீடியோ என்றால் 600 கிலோபிட்டிலிருந்து 1 மெகாபிட்டையும் தாண்டும். கூகுள் மீட்டில் எண்கள் கொஞ்சம் மாறினாலும் குரலுக்குக் குறைவு, வீடியோவுக்கு அதிகம் என்ற வரிசை இதேதான். 40 நிமிடப் பீரியடுக்குப் பெருக்கினால் குரலுக்கு 18 முதல் 24 எம்பி ஆகிறது. குரலோடு ஓர் அசையாத பக்கத்தையும் காட்டினால் 35 முதல் 45 எம்பி. வீடியோ ஓடினால் 180 முதல் 300 எம்பி. ஐந்து பீரியட் முகத்தைக் காட்டினால் அப்பாவின் 1.5 ஜிபி பேக் மதியத்துக்குள் காலியாகிவிடக்கூடும். சாயங்காலம் அப்பா என்ன சொல்வார் என்பதும் கணக்கில் சேர வேண்டிய செலவுதான்.

ஆகவே முதல் இரண்டு நிமிடம் முகத்தைக் காட்டி வணக்கம் சொல்லிவிட்டுக் கேமராவை மூடுங்கள். பாடத்துக்கு வேண்டிய படத்தை (செல்லின் அமைப்பு, மின்சுற்று, எதுவாக இருந்தாலும்) வகுப்புக்கு அரை மணி முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பி, “படம் 2-ஐப் பாருங்கள்” என்று சொல்லி நடத்துங்கள். திரைப்பகிர்வில் யூடியூப் ஓட்டவே வேண்டாம். படம் அசைய அசைய டேட்டா ஏறும், குரல்தான் முதலில் அடிபடும். லிங்க்கை அனுப்பிவிட்டு, மூன்று நிமிடம் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிய ஒரு வழி: “குரல் விட்டுப் போனால் சாட்டில் 1 என்று போடுங்கள்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து 1 வந்தால் குறை உங்கள் இணைப்பில். ஒன்றிரண்டு மட்டும் வந்தால் அந்த வீடுகளில். உங்கள் பக்கம் என்றால் போனில் பின்னணியில் ஓடும் போட்டோ பேக்கப், ஆப் அப்டேட் இரண்டையும் முதலில் நிறுத்துங்கள். இவை மேலே போகும் பாதையையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும். பிறகு பத்து விநாடி ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்தால் போன் டவரோடு புதிதாக இணையும். சிக்னல் கோடு நிறைய இருப்பதை நம்பாதீர்கள். கோடு என்பது டவர் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது மட்டுமே, அந்த டவரில் எத்தனை பேர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது.

பட்டன் போன் மட்டும் உள்ள வீடுகளை விட்டுவிடக் கூடாது. சாதாரண அழைப்பிலேயே கான்ஃபரன்ஸ் போட்டு, பெரும்பாலான இணைப்புகளில் ஐந்து பேர் வரை சேர்க்கலாம். பத்து நிமிடம் வீட்டுப்பாடத்தைக் கேட்டுச் சரிபார்க்க இது போதும். மற்ற நேரத்துக்கு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கவே இருக்கிறது.

கேள்வி: ஸ்மார்ட் போர்டில் ஜூம் போட்டு, வெளியூர் வல்லுநர் ஒருவரைப் பிளஸ் ஒன் மாணவர்களோடு பேசவைத்தோம். முதலில் ‘கீ…’ என்று காதைப் பிளக்கும் சத்தம். பிறகு அவர், “நான் பேசுவது எனக்கே திரும்பி வருகிறது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களுக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. யார் பக்கம் தவறு?
– முதுகலை ஆசிரியர், கோவில்பட்டி

இரண்டும் உங்கள் பக்கம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்.

‘கீ’ சத்தம், ஒரே அறையில் இரண்டு கருவிகள் குரலோடு கூட்டத்தில் சேர்ந்திருந்தால் வருவது. போர்டில் ஜூம் ஓடியிருக்கும். யாராவது “நானும் பார்க்கிறேன்” என்று போனிலும் சேர்ந்திருப்பார். போர்டின் ஸ்பீக்கர் சத்தம் போனின் மைக்கில் நுழைந்து, சுற்றி மறுபடி ஸ்பீக்கரில் வந்து, மறுபடி மைக்கில் நுழையும். ஓர் அறைக்கு ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், இரண்டும் ஒரே கருவியில் என்பது விதி. மற்ற போன் சேர வேண்டுமானால் சேரும்போதே ஆடியோவை இணைக்காமல் சேர வேண்டும். மைக்கை மட்டும் மியூட் செய்தால் பாதி வேலைதான், அதன் ஸ்பீக்கர் பேசிக்கொண்டே இருக்கும்.

எதிரொலி வேறு. தன் குரல் தனக்கே திரும்பி வருகிறது என்று ஒருவர் சொன்னால் குறை பெரும்பாலும் எதிர்முனையில். அவர் குரல் உங்கள் ஸ்பீக்கரில் ஒலித்து, உங்கள் மைக்கில் நுழைந்து அவரிடம் திரும்புகிறது. அதனால்தான் உங்களுக்குக் கேட்கவில்லை. இந்த ஒன்றை நினைவில் வைத்திருந்தால் “உங்க மைக்கைப் பாருங்க சார்” என்று விருந்தினரைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது. ஸ்பீக்கர் ஒலியைப் பாதிக்குக் குறையுங்கள். மைக் ஸ்பீக்கரின் பின்பக்கம் இருக்கட்டும். ஸ்பீக்கரின் முகம் மாணவர்களைப் பார்க்கட்டும். அவர் பேசும்போது உங்கள் மைக் மியூட்.

கேள்வி கேட்கும் மாணவர் எழுந்து மைக்குக்கு அருகே வர வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், ஒன்றரைச் சாண். நம் வகுப்பறைகளில் மின்விசிறிச் சத்தம் பெரும்பகை. கடைசி பெஞ்சிலிருந்து பேசினால் எதிர்முனைக்கு விசிறிதான் கேட்கும். மைக்குக்கு நேர் மேலே உள்ள விசிறியை மட்டுமாவது நிறுத்துங்கள்.

காலர் மைக் வாங்கப் போகிறவர்களுக்கு: அதன் 3.5 மிமீ முனையில் எத்தனை கறுப்பு வளையம் என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு வளையம் கேமராவுக்கு. மூன்று வளையம் போனுக்கு. இரண்டு வளைய மைக்கைப் போனில் செருகினால் போன் அதைக் கண்டுகொள்ளாது, தன் சொந்த மைக்கையே எடுத்துக்கொள்ளும். நீங்களோ காலரில் மைக் மாட்டிக்கொண்டு கேட்கிறது என்று நினைத்துப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம், பலரும் கேட்டது இது. வீடியோ அழைப்பில் எல்லோரும் ஒன்றாகக் குறள் சொல்வது, வாய்ப்பாடு ஒப்பிப்பது நடக்காது. ஒவ்வொரு குரலும் வெவ்வேறு தாமதத்தில் வந்து சேரும். தவிர, செயலி ஒரு நேரத்தில் உரத்த ஓரிரு குரல்களுக்குத்தான் வழிவிடும். ஒரு மாணவர் மைக்கைத் திறந்து முன்னே சொல்லட்டும், மற்றவர்கள் மியூட்டில் வீட்டில் உரக்கச் சொல்லட்டும். பாட்டு, வயலின், தாளம் கேட்க வேண்டுமானால் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். மனிதப் பேச்சல்லாத எதையும் அது இரைச்சல் என்று எண்ணி நறுக்கிவிடும். ஜூமில் இதற்கு ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒரு பொத்தான் உண்டு.

கேள்வி: முன்கேமராவில் பலகையைக் காட்டினால் எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிகிறது. தலைகீழாக எழுதிப் பழக வேண்டுமா?
– இடைநிலை ஆசிரியர், ஆரணி

வேண்டாம். உங்களுக்கு மட்டும்தான் கண்ணாடி போலத் தெரிகிறது, மாணவர்களுக்கு நேராகவே போகிறது. சந்தேகமிருந்தால் இன்னொரு போனில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கணக்கு நடத்த டேப்லெட், பேனா எல்லாம் வாங்க வசதியில்லை. தாளில் எழுதுவதைப் போனில் காட்ட முடியுமா?
– கணித ஆசிரியை, பெரம்பலூர்

தாராளமாக. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் டாகுமென்ட் கேமராவின் வேலையைப் பழைய போன் ஒன்று பார்த்துவிடும்.

மேசையில் தாளின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குப் பாடப்புத்தகங்களை அடுக்குங்கள். சுமார் 30 செ.மீ. உயரம், ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்தால் முழுவதும் படத்துக்குள் வரும். மேலே இரண்டு மர ஸ்கேல்களைப் பாலம் போல வைத்து, நடுவே போனைக் குப்புறப் படுக்கவைத்து ரப்பர் பேண்டு போடுங்கள். கேமராக் கண் ஸ்கேல்களுக்கு இடையில் திறந்திருக்க வேண்டும். பின்கேமரா மட்டுமே, முன்கேமராவில் எழுத்து அவ்வளவு துல்லியமாக வராது. இந்தப் போன் கூட்டத்தில் தனி ஆளாகச் சேரும், ஆடியோ இல்லாமல். மேலே சொன்ன ‘கீ’ சத்தம் இங்கும் காத்திருக்கிறது. பேசுவதற்கு உங்கள் வழக்கமான போன் அல்லது கணினி. சேர்ந்ததும் தாளைக் காட்டும் போனின் படத்தை ‘பின்’ (ஒரு படத்தைத் திரையில் பெரிதாக நிலைநிறுத்தும் வசதி) செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் பேசுகிறவரின் கட்டம்தான் பெரிதாகத் தெரியும்.

மூன்று இடத்தில் தகராறு வரும். முதலாவது வெளிச்சத் துடிப்பு. வெள்ளைத் தாளின் மேல் கை வந்ததும் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், கை போனதும் குறைக்கும். படம் விட்டு விட்டு மங்கும். தாளுக்கு அடியில் நோட்டுக்கு அட்டை போடும் காக்கித் தாளைச் சுற்றிலும் தெரியும்படி விரித்தால் துடிப்பு பெருமளவு அடங்கும். இரண்டாவது கை நிழல். வலக்கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து வர வேண்டும். தலைக்கு மேல் ட்யூப் லைட் இருந்தால் ஸ்கேல், போன் எல்லாவற்றின் நிழலும் தாளில் விழும். மூன்றாவது சூடு. சார்ஜில் போட்டபடி ஒரு மணி நேரம் கேமரா ஓடினால் போன் கொதித்துத் தானாக மங்கும். பின் கவரைக் கழற்றிவிடுங்கள், வகுப்புக்கு முன்பே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

பால்பாயின்ட் பேனா வேண்டாம், தடித்த கறுப்பு ஜெல் பேனா அல்லது ஸ்கெட்ச். ஒரு தாளில் ஆறேழு வரிக்கு மேல் எழுதாதீர்கள். நாலு அங்குல அகலத்தில் பார்க்கிற பிள்ளைக்கு அதற்கு மேல் எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். ஒரு கணக்கு முடிந்ததும் அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பிவிட்டால் குறிப்பும் ஆயிற்று.

கேள்வி: வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 42 பெற்றோர். காலை வணக்கப் படங்கள், நகைச் சீட்டு விளம்பரம், இரண்டு பெற்றோருக்குள் சண்டை. நடுவில் நான் போட்ட தேர்வு அட்டவணையை யாரும் பார்க்கவில்லை. இரவு 11 மணிக்கு ஒருவர் அழைத்து, “நாளைக்கு என்ன பரீட்சை மிஸ்?” என்கிறார். இன்னொரு தாய், குழுவில் இருந்து தன் எண்ணை எடுத்து யாரோ செய்தி அனுப்புவதாக வருத்தப்பட்டார். குழுவைக் கலைத்துவிடலாமா?
– வகுப்பாசிரியை, பொள்ளாச்சி

கலைக்க வேண்டாம், குழுவின் வாயை மூடினால் போதும். வகுப்புக் குழு என்பது பள்ளி வாசலில் உள்ள அறிவிப்புப் பலகை. அதை டீக்கடை பெஞ்சாக விட்டதுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம்.

குழுவின் பெயரைத் தொட்டு, ‘குரூப் பெர்மிஷன்ஸ்’ பகுதிக்குப் போய், உறுப்பினர்கள் செய்தி அனுப்பும் அனுமதியை அணைத்துவிடுங்கள். இனி அட்மின் மட்டுமே எழுத முடியும். பெயர், படம் மாற்றும் உரிமையையும் அங்கேயே அட்மினுக்கு மட்டும் ஆக்குங்கள். அட்மின்கள் இரண்டு பேர் போதும், நீங்களும் தலைமையாசிரியரும்.

ஆனால் எண் விவகாரம் இதனால் தீராது. சாதாரணக் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு வழி ‘கம்யூனிட்டி’. அதை உருவாக்கினால் தானாக ஓர் அறிவிப்புக் குழு வரும். அதில் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது, அட்மின் எண் மட்டும் தெரியும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேரே இதற்குப் போவதே நல்லது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் இன்னொரு வழி, 256 பேர் வரை. அதில் ஒரு கண்ணி உண்டு: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். “எனக்கு வரவே இல்லை” என்று சொல்லும் பெற்றோர் பொய் சொல்லவில்லை, எண்ணைச் சேமிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரவு 11 மணி அழைப்புக்கு மருந்து, அன்றாடம் ஒரே நேரத்தில் ஒரே வடிவத்தில் ஒரே ஒரு செய்தி. மாலை ஆறு மணிக்கு, இப்படி:

7-ஆ பிரிவு, செவ்வாய்
வீட்டுப்பாடம்: கணக்கு, பயிற்சி 3.2, 4 முதல் 6 வரை
நாளை கொண்டுவர: கவராயம்
நாளைய தேர்வு: இல்லை
பெற்றோர் செய்ய வேண்டியது: எதுவும் இல்லை

கடைசி இரண்டு வரிகளை ‘இல்லை’ என்றாலும் விடாமல் போடுங்கள். தேர்வு இல்லை என்பதை எழுதாவிட்டால்தான் அழைப்பு வரும். படிக்கச் சிரமப்படும் பெற்றோருக்காக இதையே 30 விநாடி குரல் செய்தியாகவும் கீழே போட்டுவிடுங்கள். பாட்டிமார் கேட்டுவிட்டுப் பேரனை விரட்டுவார்கள், குறுஞ்செய்தியை விட இது நன்றாக வேலை செய்யும்.

முடிந்தால் இரண்டாவது சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள்ளுங்கள், ஒரே போனில் இரண்டும் ஓடும். அதில் ‘அவே மெசேஜ்’ உண்டு. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை நேரம் குறித்துவைத்தால், “காலையில் பதில் தருகிறேன், அவசரம் என்றால் பள்ளி எண்ணுக்கு அழைக்கவும்” என்று அதுவே சொல்லிவிடும்.

அட்டவணை போன்றவற்றைப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், சிறிய எழுத்துகள் கரையும். ‘டாகுமென்ட்’ வழியே அனுப்பினால் அப்படியே போகும். எட்டுப் பக்கத்தை எட்டுப் படமாக அனுப்பாமல் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள், வரிசையும் மாறாது. மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடவே கூடாது. அது தனித்தனிப் பெற்றோருக்கு மட்டும் போக வேண்டிய தகவல். வாட்ஸ்அப்புக்குக் குறைந்தபட்ச வயது 13, ஆகவே சிறு வகுப்புகளில் பிள்ளையின் பெயரில் எண் சேர்ப்பது சரியல்ல, பெற்றோர் எண்ணே வேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர் எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. விளையாட்டு விழாப் படத்தைக் குழுவில் போடும் முன் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவைப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். 42 பேர், ஆளுக்கு இரண்டு படம், நாலு பாடம் என்றால் ஒரு நாளைக்கு 336 படங்கள். யார் திருத்துவது? மறுநாள் பள்ளி உண்டு என்றால் நோட்டை வாங்கித் திருத்துங்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு விடுமுறை நாட்களில் தினமும் மூன்று மணி நேரம் ஆன்லைன் வகுப்பு வைக்கிறார்கள். இதற்கு வரம்பே இல்லையா?
– ஒரு தாய், வேலூர்

உண்டு. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) 2020 ஜூலையில் ‘பிரக்யதா’ என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு அமர்வு. மழலையர் வகுப்புக்கு அரை மணிக்கு மேல் கூடாது. மூன்று மணி நேரம் என்பது உங்கள் மகளுக்கு உரிய உச்சவரம்பின் இரு மடங்கு. வழிகாட்டுதலின் நகலோடு தலைமையாசிரியரைப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

கேள்வி: யாரோ வகுப்புக்குள் நுழைந்து ஆபாசமாகப் பேசிவிட்டுப் போனார்கள். மாணவர்களில் ஒருவர்தான் லிங்க்கைக் கொடுத்திருக்க வேண்டும். எப்படித் தடுப்பது?
– ஆசிரியர், திண்டுக்கல்

2020-இல் உலகம் முழுக்க இதே தொல்லை வந்ததால்தான் ஜூம் அந்த ஆண்டு ஏப்ரலில் காத்திருப்பு அறையையும் கடவுக்குறியையும் தானாகவே இயங்கும்படி மாற்றியது. அவை உங்கள் கணக்கில் அணைந்திருந்தால் மறுபடி போடுங்கள். ஒரே லிங்க்கை வருடம் முழுக்க ஓட்டாதீர்கள். கடன் வாங்கிய சாவி போல அது ஊர் சுற்றும். சேரும் பெயர் ‘வரிசை எண், பெயர்’ என்ற வடிவில் இருந்தால் மட்டும் உள்ளே விடுங்கள். ‘ரெட்மி நோட்’, ‘அம்மா போன்’ எல்லாம் வெளியே காத்திருக்கட்டும். பத்து நிமிடத்துக்குப் பிறகு கூட்டத்தைப் பூட்டிவிடலாம். மின்வெட்டில் வெளியே போனவரும் திரும்ப முடியாது என்பது அதன் விலை, ஆகவே மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் பூட்டாமல் காத்திருப்பு அறையை மட்டும் நம்புங்கள். திரைப்பகிர்வு உரிமை உங்களிடம் மட்டும். மற்றவர்களுக்கான அந்த உரிமையைக் கூகுள் மீட்டில் ‘ஹோஸ்ட் கன்ட்ரோல்ஸ்’ பகுதியில் அணைக்கலாம்.

நடந்துவிட்டால் முதலில் ஆளை வெளியேற்ற முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், கூட்டத்தையே எல்லோருக்கும் முடித்துவிடுங்கள். நேரம், அவர் காட்டிய பெயர், சாட்டில் எழுதியவை, இவற்றைக் குறித்துத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். பதிவு இருந்தால் அதைக் குழுவில் பகிர்ந்து “பாருங்கள்” என்று கேட்பது இன்னொரு தீங்கு. சைபர் குற்ற உதவி எண் 1930, குழந்தைகள் உதவி எண் 1098. அன்று மாலையே பெற்றோருக்கு நடந்ததைச் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் சொல்லி அவர்கள் அறியும்படி விடாதீர்கள்.

கூடவே ஒரு கட்டுப்பாடு, ஆசிரியரின் பாதுகாப்புக்காகவும்தான்: ஒரே ஒரு மாணவரோடு தனியாக வீடியோ அழைப்பு வேண்டாம். சந்தேகம் தீர்க்க வேண்டுமென்றால் இருவராவது சேரட்டும், அல்லது பெற்றோர் அருகில் இருக்கட்டும்.

கேள்வி: இலவசமாக எது நல்லது? கூகுள் மீட்டா, ஜூமா, டீம்ஸா?
– தனிப்பயிற்சி ஆசிரியர், கும்பகோணம்

மூன்றிலும் 100 பேர் வரை சேரலாம். பலர் சேர்ந்த கூட்டத்துக்கு மீட்டும் டீம்ஸும் 60 நிமிடம், ஜூம் 40 நிமிடம். பிள்ளைகளைச் சிறு குழுவாகப் பிரித்துப் பேசவைக்க ஜூமின் பிரேக்அவுட் அறைகள் இலவசக் கணக்கிலும் உண்டு. 40 நிமிடத்தில் துண்டித்துவிடுகிறதே என்று பலர் குறைப்படுகிறார்கள். ஒரு பீரியட் என்பது அவ்வளவுதானே! மணியடிக்கும் ஆளாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேறு ஊர் வகுப்போடு ஸ்கைப்பில் பேசி, எந்த ஊர் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று உண்டாமே? ஸ்கைப் இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறது. ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு அதை எப்படி நடத்துவது?
– சமூக அறிவியல் ஆசிரியை, வால்பாறை

ஸ்கைப் 2025 மே 5-இல் மூடப்பட்டுவிட்டது. விளையாட்டுக்குப் பெயர் ‘மிஸ்டரி ஸ்கைப்’. மீட்டிலும் ஜூமிலும் அதே போல நடத்தலாம். இரண்டு வகுப்புகள், எதிர் வகுப்பு எங்கே இருக்கிறது என்பது மாணவர்களுக்குத் தெரியாது. ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் பதில் வரக்கூடிய கேள்விகளை மாறி மாறிக் கேட்டு இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் முறை தமிழ்நாட்டுக்குள்ளேயே, மாவட்டத்தைக் கண்டுபிடிப்பதாக வையுங்கள். 38 மாவட்டம். ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பதை ஏறக்குறையப் பாதியாக்கினால் ஆறு கேள்வியில் முடிந்துவிடும். பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே “உங்க ஊர் மதுரையா?” என்பார்கள். ‘இல்லை’ என்று வந்தால் 37 மிச்சம், ஒரு கேள்வி வீண். “உங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டா?” என்று கேட்டால் ‘ஆம்’ என்றதும் 14 ஆகிவிடும், ‘இல்லை’ என்றாலும் 24-தான். கடற்கரை உண்டு என்று தெரிந்த பிறகு “கேரள எல்லையைத் தொடுகிறதா?” என்ற கேள்விக்கு ‘ஆம்’ வந்தால் திருநெல்வேலி, கன்னியாகுமரி இரண்டே மிச்சம். விளையாட்டுக்கு முந்தைய பீரியடில் இந்தப் பாதியாக்கும் சூட்சுமத்தைப் பலகையில் போட்டுக் காட்டிவிடுங்கள். பாடம் அங்கேதான் நடக்கிறது.

முப்பது பேரும் கேமரா முன் முண்டியடித்தால் எதுவும் நடக்காது. இரண்டு பேர் பேசுபவர்கள். ஆறு பேர் கேள்வி தயாரிப்பவர்கள். எட்டுப் பேர் வரைபடக் குழு. மாவட்ட வரைபடத்தை ஒளிநகலெடுத்துக் கொடுத்துவிட்டால், நீங்கிய மாவட்டங்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வருவார்கள். நான்கு பேர் எதிரணியின் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள், வால்பாறைக்காரர்கள் “உங்கள் மாவட்டத்தில் தேயிலை விளையுமா?” என்ற கேள்விக்கு யோசிக்க வேண்டாம், ஆனால் “ரயில் பாதை உண்டா?” என்றால் ஊருக்கா, மாவட்டத்துக்கா என்று குழம்புவார்கள். பதில் எப்போதும் மாவட்டத்துக்கு என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். மற்றவர்கள் பதிவு எழுதுபவர்கள், கேள்வி எண், கேள்வி, பதில், மிச்சம் எத்தனை என்று நான்கு பத்தியில்.

ஏ4 தாளில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று ஒரு சாண் உயர எழுத்தில் எழுதி அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். குரல் விட்டுப்போனாலும் அட்டை தெரியும். கூடிப் பேசும்போது மைக்கை மியூட் செய்ய ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், மறந்தால் உங்கள் யோசனை எல்லாம் எதிரணிக்கு நேரலை. முதல் நாள் அதே நேரத்தில் இரு ஆசிரியர்களும் ஐந்து நிமிடம் சோதனை அழைப்பு போட்டுப் பார்த்துவிடுங்கள். காலை பத்து மணிக்கு வரும் வேகம் மதியம் மூன்றுக்கு வராது.

மாநிலம் தாண்டிப் போக ஆசை வந்தால் மொழி ஒரு தடையில்லாத இடங்கள் நமக்கு உண்டு. யாழ்ப்பாணம், மட்டக்களப்புக்கு நம் கடிகாரமே. அங்கே அரசுப் பள்ளிகள் காலை 7.30-க்குத் தொடங்கி 1.30-க்கு முடிவதால் நம் பத்து மணி பொருந்தும். மலேசியத் தமிழ்ப்பள்ளி என்றால் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நம் காலை 9.30 அவர்களுக்கு நண்பகல் 12, அதைத் தாண்டினால் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். லண்டன் வார இறுதித் தமிழ்ப்பள்ளியின் சனி காலை பத்து மணி, கோடையில் நமக்குப் பிற்பகல் 2.30, அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு 3.30. அழைப்பிதழில் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள். ஆனால் ஒன்று, இந்த விளையாட்டில் பேச்சு வழக்கே துப்பு. எதிரணி “என்ன கதைக்கிறீங்கள்?” என்று கேட்ட விநாடியில் உங்கள் பிள்ளைகள் அட்லஸில் இலங்கையைத் திறந்துவிடுவார்கள். விடுங்கள், அதுவும் சமூக அறிவியல்தான்.

அழைப்பை இணைக்கும் முன் கேமரா பார்க்கும் சுவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கரும்பலகையின் மேல் மூலையில் பள்ளிப் பெயரும் ஊரும் வருகைப் பதிவும் எழுதியிருக்கும், அதை அழியுங்கள். உள்ளூர் நகைக்கடை கொடுத்த தினசரி நாள்காட்டி ஆணியில் தொங்கும், அதைக் கழற்றுங்கள்.